முதுகில் ஊறிய சாக்கு

தலவாக்கலைப் பக்கத் தேயிலைத் தோட்டமொன்றில் பன்னிரண்டு வருடம் புல்லைச் சாகடிக்கும் மருந்து அடித்தேன். முதுகில் சுமக்கும் மருந்து டேங்க் ஒழுகும். முதுகில் சாக்கை மடித்துக் கட்டினால் போதும் என்றிருந்தேன். அதுவே நாள் முழுக்க மருந்தில் ஊறி உடம்போடு ஒட்டிக் கிடந்தது.

எனக்கு இரத்தப் புற்றுநோய் என்று சொன்ன டாக்டர், "என்ன வேலை?" என்றார்.

"தோட்ட வேலைங்க."

மனைவிதான் சாக்கைப் பற்றிச் சொன்னாள்.

"மருந்தாலதான்னு உறுதியா சொல்ல முடியாது. ஆனா இனிமே தொடாதீங்க," என்றார் டாக்டர்.

தொடவில்லை. ஆனால் வீட்டிலிருந்து வேலைக்கு ஆள் போகாவிட்டால், தோட்டம் கொடுத்த லயத்து வீடு கைவிட்டுப் போய்விடும். இப்போது என் டேங்கைத் தம்பி சுமக்கிறான்.

"சாக்கு கட்டாதடா," என்பேன். தினமும் காலையில் கூடவே போய், டேங்கில் தண்ணீர் ஊற்றி, ஒழுகுகிறதா என்று பார்க்கிறேன்.

நேற்று ஒழுகியது. ஒழுகிய இடத்தில் துணி சுற்றி இறுக்கிக் கட்டி, நானே அவன் முதுகில் ஏற்றிவிட்டேன்.