பெரியகாலன் ஏன் அகப்படவில்லை

அந்த மழைக்காலத்தில் எங்கள் வீட்டில் இரண்டு பயங்கள் குடியிருந்தன. ஒன்று பெரியகாலனைப் பற்றியது, மற்றது மாமாவைப் பற்றியது. எனக்கு முதலாவது மட்டும்தான் தெரியும். அதனால் வீட்டில் யார் நடுங்கினாலும் பெரியகாலனுக்காகத்தான் நடுங்குகிறார்கள் என்று எடுத்துக்கொண்டேன்.

பெரியகாலனை வீட்டுக்குள் கொண்டுவந்தவர் சித்தப்பா. ஸ்ரீசிட்டியில் ஒரு கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்து புதிதாகப் போன் வாங்கியிருந்தார். அதில் தெலுங்கில் குரல் கொடுத்த ஒரு வீடியோ இருந்தது. அமெரிக்கக் காட்டில் உடம்பெல்லாம் மயிர் மூடிய ஏதோ ஒன்று, இரண்டு காலில், எந்த அவசரமும் இல்லாமல் நடந்து போகும். போகிற போக்கில் ஒருமுறை தலையைத் திருப்பிப் பார்க்கும். யாரைப் பார்த்தது என்று மற்றவர்களுக்குச் சந்தேகம் இருக்கலாம். அது என்னைத்தான் பார்த்தது. பிக்ஃபுட் என்று அவர்கள் சொன்னதைச் சித்தப்பா பெரியகாலன் என்று மாற்றிச் சொன்னார். அதற்குப் பிறகு எனக்கு ஒழுங்கான தூக்கம் இல்லை.

எங்கள் வீடு ஆந்திர எல்லையோரம் வரதய்யபாளையத்துக்கு வெளியே நிலத்திலேயே இருந்தது. தார் ரோட்டிலிருந்து ஒரு மண்பாதை வழியாக வரவேண்டும். பின்னால் மலையும் காடும். அமெரிக்கா அந்த மலைக்குப் பின்பக்கம்தான் எங்கோ இருக்கிறது என்பது என் கணக்கு. ஒன்பது வயதில் என் பூகோள அறிவு அவ்வளவுதான். கொல்லைப்பக்கம் போவதற்குக்கூடத் துணைக்கு ஆள் தேவைப்பட்டது. அலுத்துக்கொள்ளாமல் துணைக்கு வந்தவள் அத்தை ஒருத்திதான்.

அத்தை நைனாவின் தங்கை, சித்தப்பாவுக்கு மூத்தவள். கார்வேட்டிநகரம் பக்கம் கட்டிக் கொடுத்திருந்தார்கள். மழை பிடித்த வாரத்தில் கையில் ஒரு பையோடு பஸ் ஏறி வந்துவிட்டாள். முழங்கைக்குக் கீழே நீளமாக ஒரு சூட்டுக்காயம் இருந்தது. தோசைக்கல் பட்டுவிட்டது என்று எனக்குச் சொன்னார்கள். தோசைக்கல் வட்டமாகத்தானே இருக்கும் என்று எனக்குத் தோன்றியது, ஆனால் கேட்கவில்லை. அவள் புருஷன், எங்கள் மாமா, குடித்தாலும் அடிப்பார், குடிக்காவிட்டாலும் அடிப்பார் என்பது பிற்பாடு தெரிந்த விஷயம்.

நைனா சொன்ன சொல் தவறாதவர் என்று ஊரில் பெயர். அந்தப் பெயரில் அவருக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு. இரண்டு ஊர்ப் பெரியவர்களும் உட்கார்ந்து பேசியபோது, ஞாயிற்றுக்கிழமை மாமா வந்து அத்தையை அழைத்துப் போகலாம் என்று வாக்குக் கொடுத்துவிட்டார். கட்டிக் கொடுத்த பெண்ணை வீட்டில் வைத்துக்கொண்டால் ஊர் நாலு விதமாகப் பேசும் என்பது அவர் பயம். இந்த முறை போனால் பிணமாகத்தான் வருவேன் என்று அத்தை அம்மாவிடம் அழுதாள். நான் கிட்டே போனதும் நிறுத்திக்கொண்டாள். இரவில் அவளோடு ஒட்டிப் படுத்துக்கொள்வேன். வெளியே நாய் குரைத்தால் என்னைப் போலவே அவளுக்கும் தூக்கிவாரிப் போடும். வீட்டில் விவரம் தெரிந்த ஆள் இன்னொருத்தி இருக்கிறாளே என்று எனக்கு ஆறுதலாக இருக்கும்.

சனிக்கிழமை சாயங்காலம் நல்ல மழை. கரண்ட் இல்லை. அம்மா வேர்க்கடலை வறுத்துக் கொட்டினாள். நடுவீட்டில் சுற்றி உட்கார்ந்து தின்றுகொண்டிருந்தோம்.

"இவ்ளோ பேரு தேடிக்கினு கீறாங்க. ஒருத்தன் கையிலயும் அது ஏன் மாட்டல?" என்று ஆரம்பித்தார் சித்தப்பா.

"இருந்தாத்தானடா மாட்டறதுக்கு?" என்றார் நைனா. "அப்பிடி ஒண்ணு இருந்தா நம்ம ஆளுங்க இந்நேரம் கூண்டுல வெச்சி டிக்கெட் போட்டிருப்பாங்க."

அம்மா புத்தூரில் தெலுங்குக்காரர்கள் தெருவில் வளர்ந்தவள். அவளுக்கு வேறு காரணம் இருந்தது. "அதுக்குக் காலு பின்னாடி திரும்பிக்கினு இருக்கும். தெலுங்குப் பேய்ங்களுக்கெல்லாம் அப்பிடித்தான். தடத்தைப் பாத்துக்கினு போறவன், அது வந்த பக்கமே போய்க்கினு இருப்பான். எங்க மாட்டும்?"

"பேய்க்கு ஏதுடி காலு? தரையிலயே பாவாது" என்றார் நைனா.

காலே இல்லாத தமிழ்ப் பேயும் கால் திரும்பிய தெலுங்குப் பேயும் ஆளுக்கொரு பக்கம் நிற்க, கால் மட்டும் பெரிதாக இருந்த அமெரிக்கப் பேய்க்கு எங்கள் வீட்டில் பஞ்சாயத்து நடந்தது. எல்லையோரத்தில் குடியிருந்தால் பேய் விஷயத்தில்கூட இரண்டு சட்டம். நான் அம்மாவின் கட்சி. பயந்துகொள்வதற்கு அதில்தான் வசதி அதிகம்.

வந்த நாளிலிருந்து பொதுவில் வாய் திறக்காத அத்தை அப்போது பேசினாள். "அது தனியாவா கீது? சோத்துக்கு இன்னா பண்ணும்?"

"ஒருத்தரும் வராத எடமாப் பாத்துப் பதுங்கிக்கும்க்கா" என்றார் சித்தப்பா.

"அப்பிடி ஒரு எடம் ஏதுடா? எங்க போனாலும் எவனாவது பாத்துட்டுப் போயி சொல்லிடுறான்."

இவ்வளவு பெரிய பேச்சில் என் பங்கு இல்லாமல் போவதா என்று எனக்குப் பொறுக்கவில்லை. "அது காட்டுலயே இல்ல அத்த" என்றேன். "கும்பல்ல கீது. எங்க ஸ்கூல்ல பிரேயருக்கு நின்னா எல்லாருக்கும் ஒரே யூனிபார்ம், ஒரே ரெட்ட சடை. டீச்சர் என்னைத் தேடிக்கினே என் எதிர்லயே போனாங்க. கண்டுபிடிக்கவே முடியல."

எல்லோரும் சிரித்தார்கள். அத்தை மட்டும் சிரிக்கவில்லை. சித்தப்பாவைப் பார்த்தாள். கொஞ்ச நேரத்தில் சித்தப்பாவும் சிரிப்பை நிறுத்திவிட்டார். எனக்கோ நான் சொன்னதே வினையாகிவிட்டது. கும்பலில் இருக்கிறது என்றால் யாராகவும் இருக்கலாமே! விளக்கு வெளிச்சத்தில் ஒவ்வொருவர் காலாகப் பார்த்தேன். பால் ஊற்றுகிறவரின் கால்கள் ரொம்பப் பெரியவை என்பது நினைவுக்கு வந்து, அன்று அத்தையின் முந்தானையை விடாமல் பிடித்துக்கொண்டு தூங்கினேன்.

விடிந்து பார்த்தபோது கையில் முந்தானை இல்லை. பக்கத்தில் அத்தையும் இல்லை. சித்தப்பா காலை ஷிப்டுக்குப் போய்விட்டிருந்தார். கம்பெனி பஸ் விடிவதற்கு முன்பே தார் ரோட்டில் வந்து ஆட்களை ஏற்றிக்கொண்டு போய்விடும். வெளியே வந்தேன். நைனா மண்பாதையில் குந்தியிருந்தார்.

மழை நின்று சேறு குழைந்து கிடந்தது. சித்தப்பாவின் ஷூத் தடம் ரோட்டைப் பார்த்துப் போயிருந்தது. அதன் பக்கத்திலேயே அத்தையின் செருப்புத் தடம். ஆனால் அது ரோட்டிலிருந்து வீட்டைப் பார்த்து வந்திருந்தது. வந்த தடம்தான் இருந்ததே தவிர, போன தடம் எங்குமே இல்லை. வீட்டுக்குள் ஓடிச் சமையலறை, மாட்டுக்கொட்டகை, கொல்லை எல்லாம் தேடினேன். வந்தவளைக் காணோம்.

அப்போது எனக்குப் புரிந்துவிட்டது. அத்தைக்குக் கால் திரும்பிவிட்டது. பெரியகாலன் வந்து, அவளையும் தன்னைப் போல ஆக்கி, கூட்டிக்கொண்டு போய்விட்டான். நேற்றுவரை என் பக்கத்தில் படுத்திருந்தவள் இனி மலையிலிருந்து தலையைத் திருப்பி என்னைப் பார்ப்பாள் என்று நினைத்தபோது, என் கால் எந்தப் பக்கம் இருக்கிறது என்று குனிந்து பார்த்துக்கொண்டேன்.

நைனா ஒரு தடத்தில் விரலை வைத்துப் பார்த்தார். குதிகால் பக்கம் லேசாகவும் விரல் பக்கம் ஆழமாகவும் அழுந்தியிருந்தது. எட்டுகளும் குட்டை குட்டையாக இருந்தன. அடுத்த தடத்தையும் அப்படியே பார்த்தார். பிறகு ரோட்டுப் பக்கம் வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றார். கொட்டகைக்குப் போய் மாடுகளை அவிழ்த்து, அந்தப் பாதை முழுக்க ரோடு வரைக்கும் ஓட்டினார். திரும்பவும் ஓட்டிக்கொண்டு வந்தார். அந்த நேரத்தில் வெளியே போகிற வழக்கம் மாடுகளுக்கு இல்லை. அவையும் யோசித்து யோசித்துத்தான் நடந்தன. ஊரையே கூட்டிக் காட்டவேண்டிய அடையாளம் குளம்படியில் கூழாகிப் போனது. "நைனா, ஓட்டாதே!" என்று அழுதேன். அவர் காதில் போட்டுக்கொள்ளவே இல்லை.

வெயில் ஏறுவதற்குள் மாமா ஆட்களோடு ஆட்டோவில் வந்து இறங்கினார். அத்தை இல்லை என்றதும் நைனாவின் சட்டையைப் பிடித்தார். பரண், நெல் மூட்டைகள், கொட்டகை என்று ஒன்று விடாமல் கலைத்துப் போட்டார்கள். கடைசியில் கிணற்றடிக்குப் போய்ப் பாதாளக் கரண்டியை இறக்கித் துழாவினார்கள். அது எதிலோ சிக்கி இழுபட்ட போதெல்லாம் அம்மா அலறினாள். மேலே வந்தது ஒரு பழைய வாளிதான்.

"நீதான எம்மாம் பெரிய வாக்கு குடுத்த? எங்க அவ?" என்றார் மாமா.

"ராத்திரி இருந்தா. காலைல காணோம். எனக்குத் தெரியாது" என்றார் நைனா. பொய் சொல்லி நான் பார்த்தே இராத மனிதர். நானும் அது பொய் என்று நினைக்கவில்லை.

மாமா என் பக்கம் திரும்பினார். என் உயரத்துக்குக் குந்தினார். "நீ சொல்லும்மா. அத்த எங்க பூட்டா?"

நான் ஒரே மூச்சில் எல்லாவற்றையும் சொன்னேன். அத்தைக்குக் கால் பின்பக்கம் திரும்பிவிட்டது, செருப்புத் தடம் ரோட்டிலிருந்து வீட்டைப் பார்த்து வந்தது, என் கண்ணால் பார்த்தேன், நைனா மாடு ஓட்டி அழித்துவிட்டார், எல்லாம் பெரியகாலன் வேலை. ஒரு வார்த்தை விடவில்லை. என் தோளில் கை வைத்துக்கொண்டு நின்றிருந்த நைனாவின் கை கிடுகிடுவென்று ஆடியது.

மாமா எழுந்து காறித் துப்பினார். அவரோடு வந்த பெரியவர், "சின்ன பில்ல, பயபடிந்தி" என்று தெலுங்கில் எனக்காகப் பரிதாபப்பட்டு, பயந்த பிள்ளைக்கு வேப்பிலை அடித்து மந்திரிக்கும்படி அம்மாவிடம் சொன்னார். பெண்பிள்ளை பேச்சைக் காதில் வாங்கும் பழக்கம் மாமாவுக்கு எப்போதுமே இல்லை. அன்றைக்கு அது ஒன்றுதான் எங்களைக் காப்பாற்றியது.

சித்தப்பா மேல் சந்தேகப்பட்டு, பிற்பாடு ஒருநாள் மாமா ஸ்ரீசிட்டிக்கே போய் கம்பெனி வாசலில் நின்றாராம். ஷிப்டு விட்டு ஆயிரக்கணக்கான பெண்கள் ஒரே நீலச் சட்டை, ஒரே தொப்பி, மூக்கு வரை மாஸ்க்கோடு வந்திருக்கிறார்கள். அந்தக் கும்பலில் ஒருத்தியாக அவர் எதிரிலேயே நடந்து போனதை அத்தை இப்போதும் சிரிக்காமல்தான் சொல்வாள். மூச்சைப் பிடித்துக்கொண்டு பஸ் வரை போனாளாம்.

அதெல்லாம், அன்று விடிவதற்கு முன் அவள் சித்தப்பாவின் பக்கத்தில் பின்னோக்கி நடந்தே ரோடு வரை போனது உட்பட, வெகுநாள் கழித்து எனக்குத் தெரிந்தவை. அந்த ஞாயிற்றுக்கிழமை ஆட்டோ கிளம்பிப் போனபோது, சொல் தவறியவன் என்று மாமா ரோடு வரை கத்திக்கொண்டே போனார். நைனா கொட்டகையில் தொட்டியின் விளிம்பில் போய் உட்கார்ந்தார். கோபமெல்லாம் போய் எனக்கு அவர்மேல் இரக்கமாகிவிட்டது. பக்கத்தில் போய், "பயப்படாத நைனா, அது பூட்டுது. இனிமே நம்மூட்டுக்கு வராது" என்று முதுகைத் தடவிக் கொடுத்தேன்.

நைனா முகத்தைத் துண்டில் மூடிக்கொண்டு விக்கி விக்கி அழுதார். வெறும் கால் தடத்துக்கே இப்படிப் பயந்து சாகிற மனிதரை நம்பி, இந்தக் காட்டோரத்தில் நாங்கள் எப்படிக் குடியிருக்கப் போகிறோம் என்று எனக்கு ரொம்பக் கவலையாகிவிட்டது.