ஆளில்லாத ரோட்டு

காத்தான்குடியில் அவரது வீட்டில் நான் சந்தித்த, அண்ணன் முறையில் காக்கா என்று நான் அழைத்த அவர், சவூதியில் வயது போகும்வரை லொறி ஓட்டியவர். விண்டோஸ் தாங்காத அவரது பழைய லப்டொப்பில் லினக்ஸ் போட்டு, அவர் கேட்ட லொறி கேமை ஒருவாறு ஓடவைத்தேன். திக்கித் திக்கித்தான் ஓடியது.

“மற்ற வாகனம், ஆக்கள் எல்லாத்தையும் நிப்பாட்டினாத்தான் ஒழுங்கா ஓடும் காக்கா. வெறும் ரோட்டுத்தான் மிஞ்சும்.”

“நிப்பாட்டுங்க தம்பி. சவூதியிலயும் எனக்கு வெறும் ரோட்டுத்தானே.”

உள்ளே அவரது மனைவியும் பிள்ளைகளும் சிரித்துச் சிரித்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். அவருக்குரிய சோற்றுப் பீங்கானை மகள் கொண்டுவந்து, வாப்பா என்றுகூடச் சொல்லாமல் வைத்துவிட்டுப் போனாள். அவர் உழைப்பில் கட்டிய வீடு அது.

அவர் சாப்பிடவில்லை. திருப்பத்துக்குத் திருப்பம், திரையில் தெரிந்த பக்கக் கண்ணாடியைப் பார்த்துப் பார்த்து ஓட்டினார். பின்னால் ஒருவரும் வரமாட்டார்கள் என்பது அவருக்குத் தெரியும்.