தொப்பி போட்ட நடுவரும் எங்கள் ராக்கெட்டும்

போன வருஷம் தை மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை. புதுக்கோட்டையில் நாய்க் கண்காட்சி நடக்கிறது என்று கேள்விப்பட்டு, குளத்தூர் பக்கத்திலிருந்து நானும் என் கணவரும் எங்கள் சிப்பிப்பாறை நாய் ராக்கெட்டைக் காரில் ஏற்றிக்கொண்டு போனோம். ராக்கெட் பெயருக்கு ஏற்றபடி ஓடுவான். ஆனால் போட்டியில் ஓட்டம் மட்டும் போதாது. நடுவர் வாயைத் திறந்து பல்லைப் பார்ப்பார், உடம்பெல்லாம் தடவிப் பார்ப்பார். அப்போது உறுமினால் வெளியே அனுப்பிவிடுவார்கள். எங்கள் ராக்கெட்டுக்கோ அந்நியர் கை பட்டாலே ஆகாது.

அதற்காக நான் இரண்டு மாதம் செய்த அட்டகாசம் எங்கள் தெருவுக்கே தெரியும். வீட்டுக்கு யார் வந்தாலும் ராக்கெட்டின் பல்லைப் பார்த்துவிட்டுத்தான் போக வேண்டும். சிலிண்டர் போடுகிறவர், கூரியர்காரர், யாரையும் விடவில்லை. "ஒங்க நாய்ப் பல்லப் பாத்துப் பாத்து எனக்கு எம் மாட்டுப் பல்லே மறந்துபோச்சுங்க" என்றார் பால்காரர். கடைசியில் யார் தொட்டாலும் ராக்கெட் சமர்த்தாக நின்றான்.

மைதானத்தின் ஒரு மூலையில், காவல் நாய் வித்தை காட்டுவதற்காக, கையில் தடித்த உறை மாட்டிய ஒருவரை ஒரு ஜெர்மன் ஷெப்பர்ட் பாய்ந்து கவ்விக்கொண்டிருந்தது. கூட்டமெல்லாம் அங்கேதான். நான் எங்கள் நடுவரைத் தேடினேன். அகலமான தொப்பி போட்டு நின்றார் மனிதர்! எனக்குத் திக்கென்றது. எங்கள் வீட்டுக்கு வந்தவர்களில் ஒருத்தர்கூடத் தொப்பி போட்டதில்லை. நினைத்த மாதிரியே, அவர் எங்களைக் கடந்து போனபோது ராக்கெட் வாலை இடுக்கிக்கொண்டு உறுமினான். எங்கள் முறை வர அரை மணி நேரம்தான் இருந்தது. எனக்கு அழுகையே வந்துவிட்டது.

அப்போது பொன்னமராவதிக்காரர் ஒருவர் வந்தார். அவரும் சிப்பிப்பாறைதான் கொண்டுவந்திருந்தார், எங்களுக்கு நேர் போட்டி. கையில் வேகவைத்த ஈரல். "ஏங்க, தொப்பியப் பாத்துத்தான் மெரளுது. நான் பழக்கிவிடவா?" என்றார்.

போட்டிக்காரர் நம் நாய்க்கு எதற்குத் தீனி போட வேண்டும்? "ஒண்ணும் வேணாம். ஒங்க நாயப் பாருங்க" என்று வெடுக்கென்று சொல்லிவிட்டேன். அவர் கோபித்துக்கொள்ளவில்லை. ஈரலைப் பிய்த்து ஒரு பாதியைத் தன் நாய்க்குப் போட்டுவிட்டு, மறுபாதியை என்னிடம் நீட்டிக் காட்டினார். என் கணவர், "சும்மா இரு, அவரு செய்யட்டும்" என்று என்னை அடக்கினார்.

அவர் பக்கத்தில் நின்ற ஐஸ் வண்டிக்காரரிடம் தொப்பியை இரவல் வாங்கி மாட்டிக்கொண்டார். ராக்கெட்டுக்கு முதுகைக் காட்டிப் புழுதியில் உட்கார்ந்துவிட்டார், வெள்ளை வேட்டி என்றும் பார்க்காமல். கொஞ்ச நேரத்தில் ராக்கெட் நைசாக நெருங்கித் தொப்பியை முகர்ந்தான். ஈரலை வாங்கிக்கொண்டான். கால் மணி நேரத்தில் அவர் இவன் வாயைத் திறந்து பல்லை எண்ணிக்கொண்டிருந்தார். அப்போதும் நான் அவர் கையையே முறைத்துக்கொண்டு நின்றேன்.

எங்கள் முறை வந்தது. தொப்பி குனிந்தது, கை வாயைத் திறந்தது. ராக்கெட் அசையவில்லை! முதல் பரிசு எங்களுக்கு, இரண்டாவது அவருக்கு. நான் குதித்த குதியில் செருப்பு ஒன்று பறந்தே போனது. எனக்கும் முந்திக் கை தட்டியவர் அவர்தான்.

வெட்கத்தோடு போய் மன்னிப்புக் கேட்டேன். "எதுக்குங்க இப்படிச் செஞ்சீங்க?" என்றும் கேட்டேன்.

"பயந்துபோன நாய ஜெயிச்சு எனக்கு என்னங்க பெருமை? நல்லா நின்னு தோக்கட்டும்னு நெனச்சேன். அது ஜெயிச்சிருச்சு, என்ன பண்ணச் சொல்றீங்க!" என்று வாய்விட்டுச் சிரித்தார்.

பரிசுக் கோப்பை எங்கள் வீட்டு டிவி பக்கத்தில் இருக்கிறது. வருகிறவர்களிடம் ராக்கெட்டின் பெருமையை அளப்பேன், என் கதையையும் மறைக்காமல் சொல்வேன்: அந்த மனிதரை நம்ப என் நாய்க்குக் கால் மணி நேரம் போதுமாயிருந்தது, எனக்கோ, அவர் தோற்க வேண்டியிருந்தது.