ஏலப்பாறைப் பிளவில் ஏறிய இரண்டாம் ஆள்

முதலமடையில் தண்ணீரே கிடையாது என்று மூன்று மேஸ்திரிகள் கைகழுவிய நிலத்தில் கிணறு வெட்டித் தண்ணீர் காட்டியவன் நான். வெடி மருந்து வாங்க வக்கில்லாத காலத்தில் வெறும் உளியை வைத்துக்கொண்டு அறுபதடி இறங்கியிருக்கிறேன். கொல்லங்கோட்டில் ஓட்டு வீடு கட்டினேன். இரண்டு தங்கச்சிகளைக் கட்டிக் கொடுத்தேன். அம்மன் கோவிலுக்குக் கல்தூண் நிறுத்தினேன். படிப்பு இரண்டாம் வகுப்பு. தகப்பன் விட்டுப்போன சொத்து ஒரு கடப்பாரை. இதெல்லாம் ஊருக்குத் தெரியும். ஊருக்குத் தெரியாத ஒன்றை எழுதத்தான் உட்கார்ந்திருக்கிறேன். ஏலப்பாறைக்குப் பக்கத்து எஸ்டேட்டில் தொண்ணூறடிப் பாறை ஒன்று இருக்கிறது. அதன் பிளவு வழியாக முதன்முதலில் ஏறியவர்கள் இரண்டு பேர். ஒருவர் பெயர்தான் அங்கே எஸ்டேட் ஆபீஸ் சுவரில் தொங்குகிறது. மற்றவன் நான்.

கேரள ராஜ்யம் பிரிவதற்கு முந்தைய மாசி மாதம் அது. எஸ்டேட் கூலிகள் குடியிருக்கும் லயத்தில் ஓடைத் தண்ணீர் வற்றிவிட்டது, கிணறு வெட்ட ஆள் வேண்டும் என்று சொல்லியனுப்பினார்கள். வெள்ளிக்கிழமை காலை கொல்லங்கோட்டில் ரயில் ஏறிப் பொள்ளாச்சி, பழனி வழியாகத் திண்டுக்கல் போய்ச் சத்திரத்தில் படுத்தேன். சனிக்கிழமை விடிந்ததும் குமுளி பஸ். சீட்டு இரண்டு ரூபாய் பத்தணா. கம்பம் தாண்டி மலை ஏறும்போது டிரைவர் இரண்டு இடத்தில் நிறுத்தி இஞ்சினுக்குத் தண்ணீர் ஊற்றினார். குமுளி செக்போஸ்டில் அரிசி கடத்துகிறேனோ என்று என் மூட்டையை அவிழ்த்தார்கள். உள்ளே உளியும் சம்மட்டியும். "இது திங்கான் பற்றுமோ?" என்று, இதைத் தின்ன முடியுமா என மலையாளத்தில் சேவகன் கேட்க, பஸ்ஸே சிரித்தது. வேறு பஸ் மாறி வண்டிப்பெரியாறு, குட்டிக்கானம் கடந்து ஏலப்பாறையில் இறங்கியபோது பொழுது சாய்ந்திருந்தது. அந்தக் குளிரை முதலமடையில் போய்ச் சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள். வாயைத் திறந்தால் புகை.

கம்பளியும் கையுமாக நின்றவர் கங்காணி சுடலைமுத்து. திருநெல்வேலிப் பக்கத்துக்காரர், பேச்சில் கேலி இல்லாமல் இருக்காது. மறுநாளே இடம் பார்த்துக் கிணற்றைத் தொடங்கினேன்.

இரண்டு வாரம் கழித்து எஸ்டேட்டின் உதவி மேனேஜர், சின்னதொரை, கிணற்றைப் பார்க்க வந்தார். இங்கிலீஷ்காரர், முப்பது வயசிருக்கும், தமிழை எஸ்டேட் வழக்கில் பேசுவார். முதுகை ஒரு சுவரிலும் பாதத்தை எதிர்ச்சுவரிலும் கொடுத்து, கயிறில்லாமல் நான் மேலே வருவதைப் பார்த்தவர் அப்படியே நின்றுவிட்டார். அந்த ஞாயிற்றுக்கிழமை எட்டு மணிக்கு, லயத்துக்கு மேலே ஒன்றரை மைல் தள்ளி இருந்த அந்தப் பாறைக்கு என்னையும் கங்காணியையும் கூட்டிப் போனார்.

செங்குத்துப் பாறை. அடியிலிருந்து உச்சி வரை ஒரே பிளவுதான், ஆனால் ஒரே அகலம் இல்லை. கீழே முப்பதடிக்கு ஆள் உள்ளே நுழையலாம். அதற்குமேல் பாறை வயிறு தள்ளி நிற்கிறது, பிளவு முஷ்டி அளவுக்குச் சுருங்குகிறது. இன்னும் மேலே விரல் மட்டும்தான் போகும். உச்சியருகே மறுபடி அகலமாகி மண்ணும் புல்லும் அடைத்துக் கிடக்கிறது.

தொரை இடுப்பில் கயிற்றைக் கட்டிக்கொண்டு மறுமுனையை என்னிடம் நீட்டினார். கீழே நின்று பிடிக்க வேண்டுமாம். எங்கள் தொழிலில் கயிறு மேலிருந்துதான் வரும். "ஏனுங்க தொரை, கீழிருந்து போறது கவுறுங்களா, வாலுங்களா?" என்றேன். புரிய நேரமானது. புரிந்ததும் வயிறு குலுங்கச் சிரித்தார்.

பிறகு விளக்கினார். அவர் நாட்டுப் பிளவுகளில் தானாகவே கல் சிக்கிக் கிடக்குமாம். கல்லைச் சுற்றிச் சிறு கயிறு போட்டு, அதில் இரும்பு வளையம் மாட்டி, வளையத்துக்குள் பெரிய கயிற்றை விடுவார்களாம். விழுந்தால் கல் தாங்கும். இந்தப் பிளவில் ஒரு கல்லும் இல்லாததால் பலமுறை பாறை வயிறு வரை போய்த் திரும்பியிருக்கிறார். துளை போட்டு இரும்பு முளை அடித்துத் தருகிறேன், அரைமணி வேலை என்றேன்.

"பாறைக்குக் காயம் வேண்டாம், மேஸ்திரி. காயம் பண்ணி ஏறினா, ஏறினது இல்லே" என்றார்.

பாறையைக் காயப்படுத்திச் சோறு தின்பவன் நான். அந்தப் பேச்சு எனக்குப் பிடிபடவில்லை. ஆனாலும் ஆப்பு எனக்குத் தெரியும். ஒருபக்கம் பருத்து ஒருபக்கம் சிறுத்த துண்டு, சந்து குறுகும் இடத்தில் உட்கார்ந்துவிட்டால் இழுக்க இழுக்க இறுகும். கிணற்றில் வெட்டியெடுத்த கருங்கல் சில்லுகளைப் பொறுக்கி, முஷ்டிச் சந்துக்குச் சில, விரல் சந்துக்குச் சில என்று உளியால் தட்டி வடிவாக்கினேன். ஒவ்வொன்றிலும் சணல் சுருக்கு. சம்மட்டியே வேண்டாம். கையால் வைத்துக் கீழ்நோக்கி ஒரு இழுப்பு, அவ்வளவுதான்.

அடுத்த ஞாயிறு தொரை ஏறினார். முப்பதடி வரை கிணறு மாதிரி. பாறை வயிற்றருகே முதல் கல்லை வைத்துக் கயிற்றை வளையத்தில் விட்டார். முஷ்டிப் பிளவில் கையை நுழைத்து விரல்களை மடக்கினால் கையே ஆப்பாகிவிடும். அப்படியே போய் இரண்டாவது கல்லை வைத்தார். விரல் பிளவில் மூன்றாவதை வைத்துவிட்டு, வளையத்தில் மாட்டக் கயிறு எட்டாமல், இன்னும் கொஞ்சம் விடச் சொல்லி மேலிருந்து வெடுக்கென்று ஒரு வெட்டு வெட்டி இழுத்தார்.

கிணற்றுக்குள் இருப்பவன் கயிற்றை வெட்டி இழுத்தால் ஒரே அர்த்தம்தான். ஆபத்து, இறுக்கிப் பிடி. முப்பது வருஷப் பழக்கம். நான் நினைப்பதற்கு முன்னால் கை இறுக்கிவிட்டது. தொரை பிளவிலிருந்து பிய்ந்து வந்தார்.

கயிறு என் தோளை அறுத்துக்கொண்டு ஓடியது. விடவில்லை. பத்தடி விழுந்தவர் ஊஞ்சல்போல ஆடிக்கொண்டு நின்றார். இரண்டாவது கல் தாங்கியது. என் கல்.

"மேஸ்திரி, ஏன் இழுத்தது?" என்றார் தொங்கியபடியே.

"நீங்கதானுங்களே இழுக்கச் சொன்னீங்க."

உட்கார்ந்துபோயிருந்த கங்காணி எழுந்து என்னிடம் வந்தார். "இழுத்துவிட்டதும் நீரு, புடிச்சு நிறுத்துனதும் நீரு. ஒம்மள எந்தக் கணக்குல சேக்க வே?"

அங்கேயே புதுச் சட்டம் போட்டோம். வெட்டி இழுத்தால் தளர்த்து, சத்தம் கொடுத்தால் இறுக்கு. தொரை இளைப்பாறிவிட்டு மறுபடி ஏறி, உச்சியைத் தொட்டார்.

அடுத்து என் முறை. "பூமிக்குள்ள போற ஆளு ஆகாசத்துக்குப் போறாரு, பாத்துக்கிடுங்க" என்று கங்காணி தேயிலைச் செடிகளிடம் சொன்னார். இப்போது கயிறு மேலிருந்து வந்தது, எனக்குத் தெரிந்த கயிறு. பின்னால் வருகிறவன் கற்களை எடுத்துக்கொண்டே போக வேண்டும் என்பது அவர்கள் முறை. ஒவ்வொரு கல்லையும் அடியிலிருந்து தட்டிக் கழற்றி மடியில் கட்டினேன். முஷ்டிப் பிளவில் புறங்கைத் தோல் உரிந்தது. விரல் பிளவில் என் விரல் முழுக்க நுழையவில்லை, நுனியைக் கொடுத்து நின்றேன். ஒரு தடவைகூடக் கயிற்றில் தொங்கவில்லை. இதைத் தொரையே சொன்னார்.

உச்சியில் உட்கார்ந்து எட்டிப் பார்த்தேன். பாறை நாங்கள் வருவதற்கு முன் இருந்தபடியே இருந்தது. நான் தொட்டு, உளித் தடம் இல்லாமல் விட்ட முதல் பாறை அது. என் தொழிலில் பாறையை நான் கேட்டதே இல்லை, நான் சொன்ன இடத்தில் அது பிளந்தாக வேண்டும். இங்கே அது இடம் கொடுத்த இடத்தில் மட்டும்தான் கை வைத்தேன். தொரை சொன்னது அப்போது விளங்கியது.

சித்திரையில் கிணற்றில் தண்ணீர் கண்டது. ஊருக்குக் கிளம்பிய காலை எஸ்டேட் ஆபீசில் சொல்லிக்கொள்ளப் போனேன். சுவரில் அந்தப் பாறையின் போட்டோ, அடியில் இங்கிலீஷில் அச்சடித்த அட்டை. கிளார்க் வாசித்துச் சொன்னார். சின்னதொரை பெயரைப் போட்டு, 'ஒரு கூலியாளுடன் முதன்முதலாக ஏறினார்' என்றிருந்தது. தொரையோ லீவில் சீமைக்குப் போய்விட்டார். அட்டை தொரைமார் கிளப்பிலிருந்து வந்தது, தன்னால் மாற்ற முடியாது என்றார் கிளார்க்.

பஸ்ஸிலும் ரயிலிலும் அதே யோசனைதான். முதலமடையில் எந்தக் கிணற்றைக் காட்டி யார் வெட்டியது என்று கேட்டாலும், வண்டிக்காரன்கூட என் பெயரைச் சொல்வான். கிணறே சாட்சி. ஏலப்பாறையில் என் சாட்சிகளை நானே ஒவ்வொன்றாகக் கழற்றி மடியில் கட்டிக்கொண்டு வந்துவிட்டேன். அதுதான் முறை என்றார்கள், செய்தேன். அதில் எனக்கு வருத்தமில்லை. பாறையில் என் பெயர் வேண்டாம். அட்டையில் வேண்டும்.

அந்தப் பக்கம் போகிற வாசகர் யாராவது ஆபீசில் இதைக் காட்டுங்கள். 'ஒரு கூலியாள்' என்பதை அடித்துவிட்டு, கொல்லங்கோடு ஆறுச்சாமி மேஸ்திரி என்று எழுதச் சொல்லுங்கள். கயிற்றை மாற்றி இழுத்ததையும் சேர்த்தே எழுதட்டும். தாங்கிய கல் யாருடையது என்பதும் அதற்குப் பக்கத்திலேயே இருக்க வேண்டும்.