சந்தேகத்துக்கு அப்பாற்பட்ட பழம்

பெருங்களத்தூர் அடுக்ககம் ஒன்றில் மூன்றாவது மாடியில் குடியிருக்கும் டெனிஸின் மூக்கு லேசுப்பட்ட மூக்கல்ல. தரைத்தளத்தில் யாராவது தும்மப் போகிறார் என்றால், தும்மல் வெளியே வருவதற்குள் மேலே டெனிஸ் வீட்டு ஜன்னல் சாத்தியிருக்கும். நேற்று லிஃப்டில் இருமியவர் யார் என்று இன்று காலை மோந்து பார்த்தே சொல்லிவிடுவார் என்பது வாட்ச்மேன் குப்பனின் சாட்சியம். குப்பன் சொல்வதில் பாதியைத் தள்ளிவிட வேண்டும். மீதிப் பாதி சத்தியம்.

இந்த மூக்கு பிறவியில் வந்ததல்ல, கிட்னியோடு கூட வந்தது. ஒன்பது வருடங்களுக்கு முன்னால் டெனிஸின் இரண்டு கிட்னிகளும் கையை விரித்துவிட்டன. அப்போது தன்னுடையதில் ஒன்றைக் கொடுத்தவர் அவருடைய அக்கா கெசியா. சிங்கப்பெருமாள் கோவிலில் இருக்கிறார். பள்ளிக்கூடத் தலைமையாசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர். கொடுத்ததைச் சொல்லிக் காட்டுகிற ஆள் இல்லை. ஆனால் பள்ளிக்கூடத்து உலக உருண்டையை வகுப்புக்கு எடுத்துப்போன பிள்ளை அதைக் கீழே போடாமல் திருப்பிக் கொண்டுவருகிறதா என்று வாசலிலேயே நின்று பார்த்துப் பழகியவர். அதனால் தினமும் காலையில், டெனிஸ் மாத்திரை போடுகிற நேரத்துக்குச் சரியாகப் போன் வரும். "நல்லா இருக்கியா" என்று கேட்க மாட்டார்.

"டேய், என் கிட்னி எப்படிடா இருக்கு?"

"இருக்குக்கா."

"மாத்திரை?"

"போட்டாச்சு."

"தண்ணி கொதிக்க வெச்சதுதானே?"

ஒன்பது வருடமாக இதே பேச்சுதான். ஒரு சொல் கூடுவதில்லை, குறைவதில்லை.

இன்னொருவர் உறுப்பை உடம்பு அத்தனை சுலபத்தில் குடிவைத்துக்கொள்ளாது. அது அக்காவாகவே இருந்தாலும் உடம்புக்கு அந்நியர்தான்; அடித்து விரட்டத்தான் பார்க்கும். அப்படி விரட்டாமல் இருக்க, உடம்பின் காவல்காரர்களை மாத்திரை கொடுத்துத் தூங்கவைக்க வேண்டும், அதுவும் ஆயுசுக்கும். காவல்காரன் தூங்குகிற வீட்டுக்குள் எந்தத் திருடனும் நுழையலாம், ஊரில் போகிற சளி, காய்ச்சல், வயிற்றுப்போக்கு எல்லாமே. வீட்டுக்காரரே ராப்பகலாக விழித்திருக்க வேண்டியதுதான். டெனிஸ் விழித்திருந்தார். மாத்திரை கொண்டுவந்த சர்க்கரை வியாதியோடும், உப்பிப் போன கன்னத்தோடும், மாடிப்படியில் முனகுகிற முழங்காலோடும் ஒரு பொறியியல் கல்லூரியில் நூலகராக வேலைக்குப் போய்வந்தார். திரும்பி வருகிற புத்தகங்களைக்கூட ஒரு பகல் வெயிலில் காயவைத்த பிறகுதான் அலமாரியில் சேர்ப்பார். பையன்கள் அதற்கு 'வடகம் போடுதல்' என்று பெயர் வைத்திருந்தார்கள்.

சாப்பாட்டில் சந்தேகம் இன்னும் பலம். கல்யாண வீட்டுப் பிரியாணியைத் தொடமாட்டார். ஆலயத்தில் திருவிருந்தின்போது எல்லோரும் திராட்சரசத்துக்கு ஒரே பாத்திரத்தில் வாய் வைக்க, இவர் மட்டும் அப்பத்தோடு திரும்பிவிடுவார். மீன்காரம்மா அங்காளம்மா கோவளத்துப் பக்கத்திலிருந்து கூடையோடு வந்து இறங்கினால், டெனிஸ் முகக்கவசத்தை மேலே இழுத்துக்கொண்டு மீனின் செவுளைத் தூக்கிப் பார்ப்பார், கண்ணைப் பார்ப்பார், மறுபடியும் செவுளைப் பார்ப்பார்.

"இன்னா சார், மீனைப் பாக்கச் சொன்னா போலீஸ்காரன் மாதிரி பாக்குற? அதுக்கு ஆதார் கார்டு கீதான்னு கேப்ப போல கீதே" என்பார் அங்காளம்மா.

இப்படிப்பட்ட மனிதர் உலகத்தில் ஒரே ஒரு பொருளைக் கண்ணை மூடிக்கொண்டு நம்பினார். தடித்த தோல் உள்ள பழம். ஆபரேஷன் முடிந்து வீட்டுக்கு அனுப்பும்போதே ஆஸ்பத்திரியில் சொல்லியிருந்தார்கள்: வெட்டி வைத்த பழம் கூடாது, தோலோடு தின்கிற பழம் கூடாது, தடித்த தோல் பழத்தைக் கழுவி, நீங்களே உரித்துச் சாப்பிடலாம். தோல் தடிக்கத் தடிக்க டெனிஸின் நம்பிக்கையும் தடித்தது. வாழைப்பழத்தைவிட ஆரஞ்சு மேல், ஆரஞ்சைவிட மாதுளை மேல். எல்லாவற்றுக்கும் மேலே, மெத்தை தைத்துப் போர்த்தியது போல் ஒன்று இருந்தது. பம்பளிமாஸ்.

அது அக்கா வீட்டுக் கொல்லையில் காய்க்கிற பம்பளிமாஸ். மரம் வைத்து வெகுகாலம் காய்க்காமல் நின்று, இந்த வருடம்தான் முதன்முதலாகக் காய்த்தது. முதற்பலன் கர்த்தருக்கு என்று கெசியா அக்கா ஒரு கூடை நிறையப் பறித்துத் தாம்பரத்து ஆலயத்தின் அறுப்பின் பண்டிகைக்குக் கொண்டுவந்து வைத்தார். அன்றைக்கு விளைச்சல் காணிக்கையெல்லாம் ஏலம் போகும். ஒரு குடும்பம் வைத்த காணிக்கை ஏலத்தில் சொற்ப விலைக்குப் போனால் அந்தக் குடும்பத்துக்கே தலைகுனிவு. அதனால் உடன்பிறந்தவர் கேட்டு ஏற்றிவிட வேண்டும், இது வழக்கம். டெனிஸ் ஏற்றினார். பாடகர் குழுவின் தடித்த குரல்காரர் ஆஸ்டின் எதிர்த்து ஏற்றினார். இரண்டு பேரும் மாறி மாறிப் போட்ட சத்தத்தில் வண்டலூர்ச் சிங்கம் ஒன்று பதிலுக்கு ஒருமுறை உறுமிவிட்டுத் திரும்பிப் படுத்ததாகத் தாம்பரத்தில் இன்றும் பேச்சு. கடைசியில் ஆஸ்டினுக்குத் தொண்டை கட்டியது. கூடை முழுவதும் டெனிஸுக்கு.

காலையில் ஒரு பழத்தை எடுத்து, சோப்புப் போட்டுக் கழுவி, தன் கையால் உரித்து, சுளை சுளையாகச் சாப்பிட்டார். சுளையில் கத்தி படவில்லை, தண்ணீர் படவில்லை, அடுத்தவர் கை படவில்லை. ஒன்பது வருடத்தில் சந்தேகமே இல்லாமல் அவர் விழுங்கிய முதல் உணவு அதுதான். தினமும் சாப்பிட்டார். கூடை காலியாகும்போதெல்லாம் அக்கா இன்னொரு பை அனுப்பினார்.

சில வாரம் போனது. நூலகத்தில் கையெழுத்துப் போடும்போது பேனா தானாக ஆடியது. தலைவலி வந்து குடியேறியது. ரத்தம் எடுத்துப் பார்த்தால், காவல்காரர்களைத் தூங்கவைக்கிற மருந்து இருக்க வேண்டிய அளவைப் போல இரண்டு மடங்கு ரத்தத்தில் இருந்தது. கிட்னியும் தளர ஆரம்பித்திருந்தது. டாக்டர் வேதா மாத்திரையைக் குறைத்தார். அடுத்த சோதனையில் மருந்து குறையவில்லை. நாட்டு மருந்து உண்டா, யாராவது லேகியம் கொடுத்தார்களா, கடையில் தானாக மாத்திரை வாங்கினீர்களா என்று துருவித் துருவிக் கேட்டார். புதிதாக எதுவுமே இல்லை என்று டெனிஸ் அடித்துச் சொன்னார். பழம் அவர் ஞாபகத்திலேயே வரவில்லை. சந்தேகப்பட வேண்டியவற்றைத்தானே கேட்கிறார்கள்.

டாக்டர் கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார்.

"இப்படியே போனா இந்தக் கிட்னி தாங்காது. ஒன்னு, யாரோ உங்களுக்கு ஏதோ குடுக்கிறாங்க. இல்ல, நீங்க எதையோ மறைக்கிறீங்க."

கணவனும் மனைவியும் அந்தப் பேச்சில் ஆளுக்குப் பாதியை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தார்கள். முதல் பாதி டெனிஸிடம், பின்பாதி ஜெரூஷாவிடம்.

டெனிஸ் விசாரணையைத் தொடங்கினார். அடுக்ககத்துத் தண்ணீர்த் தொட்டிக்குள் டார்ச் அடித்துப் பார்த்தார். இரண்டாவது மாடி ஞானம்மாள் ஜெபம் பண்ணிக் கொடுத்த எண்ணெய்ப் புட்டி சமையலறையில் இருப்பதைக் கண்டுபிடித்தார். அது தாளிப்பில் விழுகிறதோ என்று சந்தேகப்பட்டுக் குழம்பை விட்டார். சாம்பார்ப் பொடியை எவர் அரைத்தார் என்று கேட்டு, பதில் திருப்தியாக இல்லாததால் சாம்பாரையும் விட்டார். தானே கொதிக்கவைத்த கஞ்சியும் பம்பளிமாஸும்தான் மிச்சம். ஒரு வேளையாக இருந்த பழம் இரண்டு வேளையானது. கை இன்னும் ஆடியது. கை ஆட ஆடச் சந்தேகம் ஏறியது, சந்தேகம் ஏற ஏறப் பழம் இறங்கியது.

ஜெரூஷா இன்சூரன்ஸ் ஆபீசில் வேலை பார்ப்பவர். போலி மருத்துவ பில்லை வாசனையிலேயே பிடிப்பார் என்று அங்கே பெயர். அவருடைய விசாரணை வேறு மாதிரி நடந்தது. பால்கனிக் குப்பைக்கூடையிலிருந்து காலி மாத்திரை அட்டைகளைப் பொறுக்கிப் படம் எடுத்து நாத்தனாருக்கு அனுப்பினார். மறதியில் மாத்திரையை இரண்டு தடவை போடுகிறாரோ என்று ஜெரூஷாவுக்குச் சந்தேகம். கல்லூரியில் யாரோ கொடுக்கிற லேகியத்தை ரகசியமாகத் தின்கிறாரோ என்று கெசியா அக்காவுக்குச் சந்தேகம். இரண்டு பேரும் தாழ்ந்த குரலில் போன் பேசினார்கள். டெனிஸ் அறைக்குள் வந்தால் பேச்சு மீன் விலைக்கு மாறியது.

ஒரு நாள் விடிகாலையில் டெனிஸ் எழுந்து வந்து பார்க்கிறார், மனைவி பால்கனியில் குந்தியிருந்து ஒரு மாத்திரை அட்டையை வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கிப் பிடித்திருக்கிறார். மாத்திரையை மாற்றிவைக்கிறாள் என்று டெனிஸ் முடிவுகட்டினார். அன்று முதல் மாத்திரை டப்பா அவர் தலையணைக்கு அடியில் போனது. ஜெரூஷா அதைப் பார்த்தார். ஒளிக்கிறாரே, அப்படியானால் சந்தேகம் சரிதான் என்று அக்காவுக்குச் செய்தி போட்டார்.

அந்தச் சனிக்கிழமை கெசியா அக்கா சொல்லாமல் கொள்ளாமல் மின்சார ரயிலேறி வந்துவிட்டார். தோளில் பை. பையில் பம்பளிமாஸ். மேஜையில் வஞ்சிர மீன் குழம்பும் சோறும் இருந்தன. டெனிஸ் தட்டை நகர்த்திவைத்தார்.

"இந்த வீட்டுல யாரோ எனக்கு ஏதோ குடுக்குறாங்கக்கா. யாருன்னு எனக்குத் தெரியும். வாயால சொல்ல வேணாம்னு பாக்கிறேன்."

ஜெரூஷா கரண்டியைக் கீழே வைத்தார். "சொல்லுங்க. இருபது வருஷமா சமைச்சுப் போட்டவதான்னு சொல்லுங்க. அக்காவும் கேக்கட்டும்."

"அப்போ குப்பைக்கூடையில உனக்கு என்ன வேலை?"

"தலகாணிக்கு அடியில உங்களுக்கு என்ன வேலை?"

கெசியா அக்கா மேஜையை ஒரு தட்டுத் தட்டினார். முப்பது வருடம் பிள்ளைகளை உட்காரவைத்த தட்டு அது. இரண்டு பேரும் உட்கார்ந்தார்கள். அவர் குரலை உயர்த்தவே இல்லை.

"நீ யார வேணாலும் சந்தேகப்படு. அவ உன்னச் சந்தேகப்படட்டும். போறது என் கிட்னி. திரும்பக் குடுக்க எங்கிட்ட இன்னொன்னு இல்ல டெனிசு, இருக்கிறது எனக்கு வேணும்."

டெனிஸ் பையிலிருந்து ஒரு பழத்தை எடுத்து, கழுவி, ஆடுகிற விரல்களால் உரிக்கத் தொடங்கினார். தம்பி தன் மரத்துப் பழத்தையாவது நம்பிச் சாப்பிடுகிறானே என்று அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு, கடைசிச் சுளை வரை பக்கத்தில் இருந்து பார்த்தார்.

திங்கட்கிழமை மூன்று பேரும் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். டெனிஸ் ஒரு கட்டைப்பை நிறையச் சாட்சிகளைக் கொண்டுவந்திருந்தார். தண்ணீர் ஒரு புட்டி, சாம்பார்ப் பொடி ஒரு டப்பா, மீன் குழம்பு ஒரு டப்பா, ஞானம்மாளின் எண்ணெய். எல்லாவற்றையும் சோதனைக்கு அனுப்ப வேண்டும் என்று சொல்லி டாக்டர் மேஜையில் வரிசையாக அடுக்கினார். அடுக்குகிற இடைஞ்சலில், மதியத்துக்கென்று வைத்திருந்த பம்பளிமாஸையும் எடுத்து ஓரமாக வைத்தார்.

டாக்டர் வேதா டப்பா எதையும் திறக்கவில்லை. பழத்தைத்தான் பார்த்தார்.

"இது எப்போலேருந்து?"

"இதுவா? இது என் சாப்பாடு டாக்டர். நீங்க சொன்னதுதான், தடிச்ச தோல் பழம்."

"எப்போலேருந்துன்னு கேட்டேன்."

"அறுப்பின் பண்டிகையிலேருந்து. இப்ப ரெண்டு வேளையும் இதுதான்."

டாக்டர் நாற்காலியில் சாய்ந்துகொண்டார். போடுகிற மாத்திரையில் பெரும்பகுதியைக் குடல் வழியிலேயே அழித்துவிட்டுக் கொஞ்சத்தைத்தான் ரத்தத்துக்கு அனுப்பும், அந்தக் கணக்கில்தான் மாத்திரையே கொடுக்கிறோம் என்றார். இந்தப் பழம் அந்த வேலையைச் செய்யவிடாமல் குடலைக் கட்டிப்போட்டுவிடும். பிறகு விழுங்கியதெல்லாம் அப்படியே ரத்தத்தில் ஏறும். இதே சாதியில் வெளிநாட்டுப் பழம் ஒன்று உண்டு, அதைத் தொடாதீர்கள் என்று எல்லோருக்கும் சொல்கிறோம். இதை யாராவது தாம்பரத்தில் தினம் தின்பார்கள் என்று தனக்கே தோன்றவில்லை என்றும் ஒப்புக்கொண்டார்.

"யாரு உங்களுக்கு இதைக் குடுத்தது?"

ஆயிரம் பிள்ளைகளைக் கையைத் தூக்கவைத்த கெசியா அக்கா, மெல்லத் தன் கையைத் தூக்கினார்.

ஜெரூஷா சிரிக்கவும் இல்லை, அழவும் இல்லை. மீன் குழம்பு டப்பாவை எடுத்துப் பையில் போட்டு, "இதை நானே சாப்பிட்டுக்கறேன்" என்றார். திரும்பி வரும்போது ஆட்டோவில் டெனிஸ் மன்னிப்புக் கேட்க வாயைத் திறந்தார். கொதிக்கவைத்த தண்ணீரை அவர் கையில் கொடுத்து, ஜெரூஷா அந்த வாயை அடைத்தார்.

பழம் நின்றது, மருந்தின் அளவு மெல்ல இறங்கியது, கை ஆட்டம் நின்றது. கிட்னி பிழைத்தது. இழந்த கொஞ்சம் இழந்ததுதான், அது திரும்பாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். மரத்தை வெட்டப் போகிறேன் என்று கெசியா அக்கா அரிவாள் தேடினார். டெனிஸ்தான் தடுத்தார். அடுத்த வருடம் கூடையை ஆஸ்டினுக்கே விட்டுவிடலாம், அந்தத் தொண்டைக்கு எதுவும் ஆகாது என்றார்.

அதன் பிறகு வந்த ஒரு காலை. மாத்திரை நேரம். போன் அடித்தது; மாத்திரையைப் பிரித்தபடியே டெனிஸ் அதை ஸ்பீக்கரில் போட்டார்.

"டேய், என் கிட்னி எப்படிடா இருக்கு?"

ஒன்பது வருடப் பதில் டெனிஸின் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. அங்கேயே நின்றது. தண்ணீர்த் தொட்டியையும் மீனின் செவுளையும் இத்தனை காலம் துருவியவர், ஒரே ஒரு இடத்தில் மட்டும் டார்ச் அடித்துப் பார்த்ததே இல்லை.

"நல்லா இருக்குக்கா. உங்கிட்ட இருக்கிற இன்னொன்னு எப்படி இருக்கு?"

சிங்கப்பெருமாள் கோவிலில் ஒரு ரயில் கடந்து போகிற சத்தம் போனில் கேட்டது.

"அதுக்கென்ன. அது பாட்டுக்கு இருக்கு."

"கடைசியா எப்போக்கா டெஸ்ட் எடுத்தே?"

"எடுத்தேன் எடுத்தேன். மாத்திரை போட்டியா நீ?"

போனை வைத்துவிட்டு டெனிஸ் நெடுநேரம் மூக்கைத் தடவிக்கொண்டிருந்தார். ஒரே சொல்லை இரண்டு தடவை சொன்னால் அது பொய் என்று கெசியா அக்காதான் சின்ன வயதில் அவருக்குச் சொல்லிக்கொடுத்தவர்.

"ஜெரூஷா, நாளைக்கு லீவு போடு" என்றார். "சிங்கப்பெருமாள் கோவில் வரைக்கும் போயிட்டு வரலாம். சொல்லாமப் போகணும்."

ஜெரூஷா அப்போதே ஆபீசுக்கு லீவுச் செய்தி போட்டார். அக்காவின் குரலில் அவருக்கும் ஏதோ இடித்திருந்தது.