மஞ்சள் பிரதியின் நான்காவது வரி

மஞ்சள் நிறத் தாள் அது. ஒன்றின் கீழ் ஒன்றாக மூன்று தாள்கள் ஒட்டிய படிவத்தின் கடைசித் தாள். மேலே எழுதுவது அழுத்தத்தில் கீழே பதியும். முதல் தாள் வைத்தியசாலைக் கோப்புக்குப் போகும், கடைசித் தாள் நோயாளியின் கைக்கு வரும். அதன் அடியில் என் சின்னம்மா தமிழில் இட்ட கையெழுத்து இருக்கிறது. முதல் இரண்டு எழுத்துகள் நன்றாகப் பதிந்திருக்கின்றன. மற்றவை போகப்போக மங்கி, கடைசி எழுத்து இருந்த இடத்தில் ஒரு கீறல் மட்டும் தெரிகிறது. போன ஞாயிறு அந்தத் தாளைச் சாப்பாட்டு மேசையில் எனக்கு முன்னால் வைத்து, மூக்குக்கண்ணாடியைத் துடைத்தபடி, "இதை ஒருக்கா வாசிச்சுச் சொல்லு பிள்ளை" என்றார்.

சின்னம்மா என் அம்மாவின் ஒரே தங்கை. மிச்சம் என்கிற ஊரில் இருபத்தைந்து வருடங்களாக இருந்த வீட்டை விட்டு, பக்கத்து ஊரான மோர்டனில் படியேறத் தேவையில்லாத ஒரு சிறிய வீட்டுக்குப் போகிறார். சித்தப்பா இறந்தபின் அவருக்கு இந்த வீடு பெரிதாகிவிட்டது. பெட்டிகளுக்கு இலக்கமிட்டு, எதற்குள் என்ன இருக்கிறது என்று எழுதுவதற்காக நான் போயிருந்தேன். எங்கள் குடும்பத்தில் அது என் வேலை. எட்டு வயதிலேயே பள்ளிக்கூடப் பையில் இருப்பவற்றைப் பட்டியலிட்டு மூடியில் ஒட்டி வைத்தவள் நான். "லிஸ்ட் மகாராணி வாறா, எல்லாரும் வரிசையில நில்லுங்கோ" என்று சின்னம்மா அப்போதே கேலி செய்வார்.

அந்தப் படிவம் நிரப்பப்பட்டபோது எனக்குப் பதினொரு வயது, சின்னம்மாவுக்கு முப்பத்தெட்டு. அவருக்குப் பிள்ளை இல்லை. கருப்பையில் கட்டிகள். ஒரு முறை வெட்டி எடுத்தும் திரும்ப வளர்ந்துவிட்டன. மாதத்தில் பாதி நாட்கள் இரத்தப்போக்கு. சுப்பர்மார்க்கெட்டில் காசு வாங்கும் இடத்தில் நின்றபடியே இரண்டு தரம் மயங்கி விழுந்திருந்தார். இரண்டாவது தரம் அவருக்கு இரத்தம் ஏற்ற வேண்டியிருந்தது. கருப்பையை எடுப்பதுதான் வழி என்று ஆங்கிலத்தில் எழுதிய கடிதம் வந்தது. அதை அம்மாவும் சித்தப்பாவும் வாசித்தார்கள். சின்னம்மாவிடம் யாரும் வாசித்துக் காட்டவில்லை. சொன்னால் மாட்டேன் என்பார், மாட்டேன் என்றால் செத்துப்போவார். இரண்டு பேரும் அப்படித்தான் நம்பினார்கள். எங்கள் ஆட்களிடம் இது வழக்கம். நோய் யாருக்கோ, அவரைத் தவிர மற்ற எல்லோருக்கும் விவரம் தெரிந்திருக்கும். அதை நாங்கள் அன்பு என்றுதான் நினைத்தோம்.

வைத்தியசாலைக்கு ட்ராமில் போனோம். சின்னம்மா வெளிறிப்போயிருந்தார், ஆனால் வாய் ஓயவில்லை. "என்ன லோயர், இண்டைக்கு எனக்காக வாதாடப் போறியோ? வழக்கில வெண்டால் சிப்ஸ் வாங்கித் தருவன்." மொழிபெயர்ப்பாளர் ஒருவரை ஏற்பாடு செய்திருந்தார்கள், அவர் வரவில்லை. இன்னொரு நாள் கேட்டால் மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும் என்று வரவேற்பில் சொன்னார்கள். சித்தப்பா என் தோளில் கை வைத்து, "பிள்ளை நல்லா இங்கிலீஷ் கதைப்பா" என்றார். அம்மா என்னைத் தண்ணீர்க் குழாய்ப் பக்கம் கூட்டிக்கொண்டு போனார். "கட்டி எடுக்கினம் எண்டு மட்டும் சொல்லு. மிச்சத்தை நாங்கள் பாத்துக்கொள்ளுவம். விளங்கிச்சுதோ?" விளங்கியது என்றேன். உண்மையில் எனக்குப் பெருமையாக இருந்தது. பெரியவர்களின் காரியம் ஒன்றை என்னிடம் நம்பிக் கொடுத்திருந்தார்கள்.

வைத்தியர் நல்லவர். அவசரப்படாமல் ஒரு தாளில் பேரிக்காய் போல ஒன்றை வரைந்து, அதற்குள் சின்னச் சின்ன வட்டங்கள் போட்டு, கடைசியில் முழுப் பேரிக்காயையும் சுற்றி ஒரு கோடு இழுத்தார். சின்னம்மா அந்தக் கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் சொன்னவை: மயக்க மருந்து தருவார்கள், நான்கைந்து நாட்கள் இங்கே தங்க வேண்டும், பாரம் தூக்கக்கூடாது, கிருமி தொற்றலாம். ஒவ்வொன்றையும் ஒழுங்காகச் சொல்லி, விரல் மடித்துக்கொண்டேன். பிறகு வைத்தியர் என்னைப் பார்க்காமல் சின்னம்மாவைப் பார்த்து, கருப்பை முழுவதையும் எடுப்போம், இனிப் பிள்ளை பெற முடியாது, அது இவருக்கு விளங்குகிறதா, சம்மதமா என்று கேட்டார்.

நான் நிறுத்தினேன். சித்தப்பா தன் சப்பாத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"சின்னம்மா, கட்டியெல்லாம் எடுக்கப்போகினமாம். உங்களுக்குச் சம்மதமோ?"

"ஓம்" என்றார் அவர்.

நான் வைத்தியரிடம் திரும்பி, ஆம் என்று ஆங்கிலத்தில் சொன்னேன். அவருடைய ஓம் உண்மையானது. இரண்டு மொழிகளுக்கும் நடுவில் கேள்வியைத்தான் நான் மாற்றியிருந்தேன். சின்னம்மா பேனையை வாங்கித் தமிழில் கையெழுத்திட்டார். வெளியே வந்ததும் சொன்னபடி சிப்ஸ் வாங்கித் தந்தார். நான் தின்றேன்.

சத்திரசிகிச்சைக்குப் பிறகு நிறம் திரும்பியது, கன்னம் பூரித்தது. அவருடைய குசினிச் சுவரில் தமிழ்க் கடைக் கலண்டர் ஒன்று தொங்கும். அதில் ஒரு திகதியைச் சுற்றி வட்டம் போட்டிருப்பதைக் கண்டேன். அடுத்த மாதம் இன்னொரு வட்டம். மாதவிடாய்க்காகக் காத்திருந்தார். கட்டிகள் போய்விட்டன, இனி ஒழுங்காக வரும், வந்தால் நாள் எண்ணலாம், எண்ணினால் ஒரு பிள்ளை தங்கலாம். "அக்கா, இன்னும் வரேல்லை" என்று அம்மாவிடம் சொன்னபோது நான் பக்கத்தில் வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தேன். அம்மா கத்தரிக்காயிலிருந்து கண்ணை எடுக்காமல், "வரும், பொறு" என்றார்.

மூன்றாவது வட்டத்துக்குப் பிறகு, குடும்ப வைத்தியரிடத்தில் ஒரு தாதி, தொலைபேசியில் ஒரு மொழிபெயர்ப்பாளரை வைத்துக்கொண்டு ஒரே வசனத்தில் சொல்லிவிட்டார். சின்னம்மா அங்கிருந்து நேரே எங்கள் வீட்டுக்கு வந்து, போட்டிருந்த குளிர்க் கோட்டைக் கழற்றாமல் குசினிக் கதிரையில் இருந்தார்.

"எடி, நீ செத்துப் போயிருப்பாய்" என்று அம்மா அழுதார்.

"ஓம் அக்கா, செத்திருப்பன். இல்லாட்டி எடுங்கோ எண்டு நானே சொல்லியிருப்பன். என்னட்டை ஆரும் கேக்கேல்லையே."

என்னை அவர் ஒன்றும் கேட்கவில்லை. வாசல் கதவருகே நான் நின்றபோது, வழக்கம்போல என் தலையைத் தடவிவிட்டுப் போனார். அவர் திட்டியிருந்தால் எனக்கு இலகுவாக இருந்திருக்கும்.

இப்போது நான் ஸ்கேன் எடுக்கும் தொழில்நுட்பவியலாளர். பெண்களின் அடிவயிற்றை நாள் முழுவதும் திரையில் பார்ப்பது என் வேலை. படிக்கிற காலத்தில் கருப்பை அகற்றும் சிகிச்சையின் வரலாற்றைத் தேடித் தேடி வாசித்தேன். பெண்ணின் கோபத்துக்கும் அழுகைக்கும்கூட கருப்பையே காரணம் என்று வைத்தியர்கள் நம்பிய காலம் இருந்தது. அவளுடைய உடலைத் தொட அவளுடைய கணவனின் சம்மதம் கேட்ட காலமும் இருந்தது. கூலிநாள் குறையக்கூடாது என்பதற்காகக் கரும்பு வெட்டும் பெண்கள் கருப்பையை எடுத்துவிடுகிற ஊர்கள் இன்றும் இருக்கின்றன. இவற்றில் எல்லாம் குற்றம் சாட்ட ஒரு வைத்தியரோ, சட்டமோ, முதலாளியோ இருந்தார். எங்கள் கதைக்கு அதில் இடம் தேடினேன், கிடைக்கவில்லை. சின்னம்மாவை உயிராக நினைத்த மூன்று பேர்தான் இங்கே இருந்தோம். அதில் ஒருத்திக்குப் பதினொரு வயது.

என் அறைக்கு ஒரு தமிழ்ப் பெண் வந்து, அவருடைய கணவர் அவருக்காகப் பதில் சொல்லத் தொடங்கினால், கொஞ்சம் வெளியே இருங்கள் என்பேன். பிள்ளைகளை மொழிபெயர்க்க விடமாட்டேன். கேள்விகளை நானே தமிழில், ஒன்றும் விடாமல் கேட்பேன். சில பெண்கள், "அவரிட்டையே கேளுங்கோ" என்று கதவைக் காட்டுவார்கள். அதற்கு மேல் என்ன செய்வது என்று எனக்குத் தெரியாது.

ஞாயிறன்று அந்தத் தாளை எடுத்து வாசித்தேன். முதல் வரி, அவருடைய பெயர். இரண்டாவது, பிறந்த திகதி. மூன்றாவது, வைத்தியரின் பெயர். நான்காவது வரியில் சிகிச்சையின் பெயர் இருந்தது, வைத்தியரின் கையெழுத்தில், தெளிவாக. என் குரல் நின்றது.

சின்னம்மா கண்ணாடிக்கு மேலால் என்னைப் பார்த்தார். "அண்டைக்கும் நீ இந்த இடத்திலதான் நிண்டனீ."

என் விரல் அந்த வரியிலேயே இருந்தது.

"நீ நிண்டதைக் கண்டனான். பிறகும் நீதானே கேக்கிறாய் எண்டு ஓம் சொன்னனான். இப்பவாவது சொல்லு."

சொன்னேன். கருப்பை முழுவதையும் அகற்றுதல். அதற்குப் பிறகு பிள்ளை பெற இயலாது என்பது நோயாளிக்கு விளக்கப்பட்டது. நோயாளி சம்மதித்தார். ஒவ்வொரு சொல்லாக, தமிழில், பத்தொன்பது வருடம் பிந்தி.

"அவ்வளவும்தானோ?"

"ஓம், சின்னம்மா."

அவர் தாளை வாங்கிப் பழைய மடிப்பிலேயே மடித்தார். கையெழுத்து உள்ளே போய்விட்டது. பிறகு சுவரோரம் அடுக்கியிருந்த பெட்டிகளைப் பார்த்து, "இதை எதுக்குள்ள வைக்கிறது?" என்று கேட்டார். கையில் என் பட்டியல் இருந்தது. பதினான்கு பெட்டிகள், எல்லாவற்றுக்கும் இலக்கம், எல்லாவற்றுக்கும் பெயர். முதலிலிருந்து வாசித்துப் பார்த்தேன். இன்னொரு தரமும் வாசித்தேன். அவர் தாளை நீட்டியபடியே இருந்தார்.