புதுக் கம்பி

கூட வேலை செய்கிறவர்கள் அந்த லிஃப்ட் மெக்கானிக்குக்கு வைத்த பெயர் பம்பரம். அவன் உட்கார்ந்து சாப்பிட்டதை ஒருவரும் பார்த்ததில்லை. டிபன் டப்பாவைக் கையில் ஏந்திக்கொண்டு மோட்டார் அறையைச் சுற்றிச் சுற்றி வருவான். அப்படிப்பட்ட ஆளிடம் போய் ஒரு யுகுலேலே சேர்ந்ததே, அதை என்ன சொல்ல. அலுவலகக் கட்டடம் ஒன்றின் லிஃப்டில் யாரோ மறந்துவிட்டுப் போனது. இரண்டு மாதம் கேட்பாரற்றுக் கிடந்ததும், "நீயே எடுத்துட்டுப் போப்பா, இடத்த அடைக்குது" என்று காவலாளி அவன் தலையில் கட்டிவிட்டார். கிட்டாருக்குத் தங்கச்சி மாதிரி இருக்கும். நாலே கம்பி, மடியில் அடங்கிவிடும்.

முதல் வருஷம் வாசித்ததைவிடத் துடைத்ததுதான் அதிகம். கம்பி முறுக்கும் ஆணியை இறுக்குவான், தளர்த்துவான், வெயில் படாத மூலை தேடி வீடெல்லாம் தூக்கிக்கொண்டு அலைவான். அப்புறம்தான் அக்கா வெளிநாட்டில் இருக்கும் மகனிடம் ஒரேயடியாகக் கிளம்புகிறாள் என்று செய்தி வந்தது.

அம்மா போனபோது பம்பரத்துக்குப் பத்து வயது. அவனை ஆளாக்கியவள் அந்த அக்காதான். தையல் மிஷினை மிதித்துக்கொண்டே அவள் முனகும் பாட்டு ஒன்று உண்டு. அதை முழுசாக ஒரு தடவை வாசித்துக் காட்டாமல் அவளை அனுப்பக் கூடாது என்று மூன்று மாதம் மாய்ந்து மாய்ந்து பழகினான். அவள் கிளம்புவதற்கு முந்தின நாள், சனிக்கிழமை ராத்திரி, வாசித்ததில் ஒரு பிசகும் இல்லை.

அதோடு சும்மா இருந்திருக்கலாம். இருப்பானா? ஆய்வாளர் வருவதற்கு முன்னால் தேய்ந்த கயிற்றை மாற்றிவிடுவது லிஃப்ட்காரன் புத்தி. ஞாயிறு காலை அந்தப் புத்தி வேலையைக் காட்டியது. பழைய நைலான் கம்பி நாலையும் கழற்றிவிட்டுப் பளபளவென்று புதுசு மாட்டினான். புதுக் கம்பி இழுபட்டுப் படிய நாலைந்து நாள் ஆகும் என்று வாங்கின அன்றைக்கே கடைக்காரர் சொன்னார். இவன் அதைக் கேட்காமல் அதற்குள் கடை வாசலைத் தாண்டிவிட்டிருந்தான்.

டாக்சி நாலு மணிக்கு. மூன்றுக்கெல்லாம் அக்கா வீட்டில் இருந்தான். நாற்காலிகளைக் கொடுத்தாகிவிட்டது, ஆளுக்கொரு பெட்டி மேல் எதிரெதிரே உட்கார்ந்தார்கள்.

முதல் வரி நன்றாகத்தான் வந்தது. இரண்டாவது வரியில் ஒரு கம்பி சுருதி இறங்கியது.

"ஒரு நிமிஷம்க்கா."

முறுக்கினான். அதைச் சரி செய்தால் அடுத்தது இறங்கியது. அதையும் முறுக்கினால் முதல் கம்பி பழையபடி தொய்ந்தது. வியர்வை மூக்கு நுனியில் நின்றது. இன்றைக்கு விட்டால் இனி என்றைக்கு என்று மறுபடியும் முறுக்கினான். அக்கா என்னவோ கேட்டாள். "ம்" என்றான். இன்னும் என்னவோ சொன்னாள். அதற்கும் "ம்" தான்.

வாசலில் ஹாரன் அடித்தது.

"டாக்சி வந்துருச்சுடா."

"இதோக்கா, இந்த ஒரு கம்பி மட்டும்."

"ஒரு மணி நேரமா ஒரே இடத்துல உக்காந்திருக்க. எனக்குத் தெரிஞ்சு இதான் மொதத் தடவ. ஆனா என் மூஞ்சிய ஒரு தடவகூடப் பாக்கல."

நிமிர்ந்தான். அக்காவின் கண் இரண்டும் வீங்கிச் சிவந்திருந்தன. கையில் கைக்குட்டை கசங்கிக் கிடந்தது. எப்போதிலிருந்து அழுகிறாள் என்று அவனுக்குத் தெரியவில்லை. வெட்கமாக இருந்தது. அதைவிட, இருந்த நேரமும் போய்விட்டதே என்று பயமாக இருந்தது.

"அபஸ்வரமா இருந்தா இருந்துட்டுப் போவட்டும். முறுக்காம வாசி" என்றாள்.

வாசித்தான். இடது கை இரண்டு தடவை ஆணிப் பக்கம் போனது, இழுத்துக்கொண்டான். கண்ணை மட்டும் அவளை விட்டு எடுக்கவில்லை. மூன்றாவது வரியில் அக்கா முனக ஆரம்பித்தாள். கம்பி இறங்க இறங்க அவளும் குரலை இறக்கிக்கொண்டே வந்தாள். வாசலில் ஹாரன் இன்னும் இரண்டு தடவை அடித்தது. பாட்டு முடிகிறவரை இரண்டு பேருமே எழுந்திருக்கவில்லை.